நெரே மாவு நிறம்

கொல்லன் வீட்டு வாசலில் நின்று கொல்லனைத் திட்டுவது என் பிறப்புரிமை. நான் ஃபுலா சாதி; மாடு வைத்துப் பால் விற்கிறவள். எங்களுக்கும் கொல்லர்களுக்கும் முப்பாட்டன் காலத்திலிருந்து கேலி உறவு. நான் அவனை அடிமை என்பேன், அவன் என்னைப் பால்திருடி என்பான், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கல்யாணத்தில் திட்ட வேண்டும், குழந்தைக்குப் பேர் வைக்கும் நாளில் திட்ட வேண்டும், சாவு வீட்டில்கூடப் போய் நாலு வார்த்தை திட்டி அழுகிறவர்களைச் சிரிக்க வைத்துவிட்டு வர வேண்டும். இந்தக் காரியத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. தாக்கோ சிதிபே வருகிறாள் என்றால் ஊர் நாய்கூட வழிவிடும்.

நான் தினமும் திட்டப் போகிற வீடு சுமானா பாலோவின் வீடு. ஊர்க்கோடியில் பட்டறை, அதற்குப் பின்னால் குடிசைகள். சுமானா மண்வெட்டி அடிப்பான். அவன் மனைவி நியாகலே பானை செய்வாள்; கொல்லன் பெண்டாட்டி என்றால் பானை செய்தாக வேண்டும். கொல்லர்கள் வெளியே பெண் எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. நியாகலே அவனுக்குச் சொந்த மாமன் மகள்.

"ஏ கரிமூஞ்சி! உன்னைக் கட்டுறதுக்குச் சங்கிலிய நீயே அடிச்சுக்கிட்டு இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே நான் உள்ளே நுழைவேன்.

"வாடி பால்காரி. இன்னிக்கு என்ன, மாடு பாதி ஆறு பாதியா? இல்ல முழுக்க ஆறேதானா?"

"ஆத்துத் தண்ணியக் குடிச்சாவது உன் மூஞ்சி வெளுக்குதான்னு பாப்போம்னுதான்."

இந்தச் சண்டையைக் கேட்பதற்கென்றே அவர்கள் மகள் தெனின் ஓடி வருவாள். நான் தெருமுனையில் "கோசாம்! கோசாம்!" என்று கூவும்போதே, எங்கள் மொழியில் பாலுக்கு அதுதான் பெயர், அவள் தலையில் ஓர் ஓட்டைச் சுரைக்குடுவையைக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி, என்னைப்போலவே கூவிக்கொண்டு எதிரே வருவாள். பண்டிகைக்கு எடுத்த நெரே மாவு நிறச் சட்டையைக் கிழியும்வரை போட்டுக்கொண்டிருந்தாள். நெரே மரத்துக் காயை உரித்தால் உள்ளே இனிப்பாக மாவு இருக்குமே, அந்த நிறம். எங்கள் பக்கத்தில் மஞ்சளுக்கு வேறு பெயர் கிடையாது. என்னைப் 'பால் அத்தை' என்பாள். எனக்குப் பெண் பிள்ளை இல்லை. அந்தக் கழுதைமேல் எனக்கு உயிர்.

ஒரு வெயில் காலத்தில் அவள் ஓடி வருவது நின்றது.

நான் வாசல்வரை வந்து கத்தினாலும் திரும்பமாட்டாள். தோளைத் தொட்டால் திடுக்கிட்டுப் பார்ப்பாள். பிடிவாதம் என்றார்கள். பிறகு, பட்டறைச் சத்தத்தில் காது மரத்துவிட்டது என்றார்கள். "உன் சுத்தியல் ஓசையில பிள்ளையோட காத அடைச்சுட்டியேடா, அடிமை" என்று நான்கூடச் சுமானாவைக் கிண்டல் செய்தேன். அவன் சிரித்தான். அப்போது சிரிக்க முடிந்தது.

அதற்கப்புறம் அவள் குரல் கரகரத்தது. அம்மா செய்து கொடுத்த குட்டிப் பானை கையிலிருந்து நழுவி உடைந்தது. இன்னொன்று கொடுத்தார்கள், அதுவும் உடைந்தது. கம்பங்களியை விழுங்கும்போது புரையேறி முகம் கறுத்துப்போகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மலை ஏறினவள் மாதிரி தோள் ஏறி ஏறி இறங்கும். இது காது விஷயம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று சுமானா சொன்னபோது நியாகலே தெனினை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஆஸ்பத்திரி என்றால் புராமா. புராமா அவர்களுடைய தலைப்பிள்ளை. நல்ல வளர்ந்த பையன். அவனுக்குச் சாயி வந்தது. மஞ்சள் நோயை நாங்கள் சாயி என்போம். முதலில் மூத்திரம் மஞ்சளாகப் போனது. வெயில் சூடு என்று விட்டுவிட்டார்கள். கண் மஞ்சளானபோது சுமானா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி ஊசி போட்டுக் கூட்டிவந்தான். அன்று பொழுது சாய்வதற்குள் பையன் போய்விட்டான். சாயி வந்த உடம்பில் ஆஸ்பத்திரி மருந்து பட்டால் உயிர் தங்காது என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சுமானாவுக்கும் தெரியும். பயத்தில் மறந்துவிட்டான். அதற்கப்புறம் நியாகலே எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை.

"நீங்க கூட்டிட்டுப் போங்க, புராமா அப்பா. நான் வரல" என்றாள் கடைசியில். பாதைவரை வந்து, தெனினின் தலைத்துணியைச் சரிசெய்து, அவன் தோளில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவன் திரும்பி வந்த அன்று நான் அங்கே இருந்தேன். கையில் ஒரு பெரிய மாத்திரை டப்பா. டாக்டரம்மா பெயர் மைகாவாம், வடக்கே பாலைவனப் பக்கத்துக்காரராம், நல்ல மாதிரியாம். பிள்ளையை முழுக்கப் பார்த்துவிட்டு, வீட்டுச் சாப்பாட்டையெல்லாம் விசாரித்துவிட்டு, நீங்கள் மாமன் மகளைக் கட்டினவரா என்று கேட்டாராம். இரத்தம் எடுத்துத் தூரதேசத்துக்கு அனுப்பியிருக்கிறாராம். பதில் வரும்வரை காத்திருக்கக் கூடாது, மருந்தை இன்றைக்கே தொடங்க வேண்டும் என்றாராம். சொன்னது ஒன்றுகூட மறந்துவிடக் கூடாதென்று, பஸ்ஸில் வரும்போது வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்திருக்கிறான் பாவி மனுஷன். எங்களை உட்கார வைத்து ஒப்பித்தான்.

"இது நம்ம சாப்பாட்டுல இருக்கிற ஒரு சத்துதானாம். பால்ல இருக்கு, ஈரல்ல இருக்கு, முட்டையில, கீரையில இருக்கு. ரிபோஃபிளேவின்னு பேரு. உடம்புல சேத்து வெக்க முடியாதாம், அன்னன்னிக்கு உள்ள போகணுமாம். அது இல்லாட்டி எவ்வளவு களி தின்னாலும் பலமா மாறாதாம். மழைக்காலத்துல நம்ம பிள்ளைங்களுக்கு வாயோரம் வெடிச்சுப் புண்ணாகுதே, அது இந்தச் சத்து குறைஞ்சுதானாம்."

"அந்தப் புண்ணு எல்லாப் பிள்ளைக்கும்தான் வருது. அதுங்களுக்கெல்லாம் காது போச்சா?" என்றாள் நியாகலே.

"அதையும் கேட்டேன். மத்தவங்க உடம்புல இந்தச் சத்து நுழையிற கதவு திறந்திருக்காம். இவளுக்குப் பிறவியிலயே கதவு பாதி அடைச்சிருக்கு. நாம குடுக்கிறது வாசல்லயே நின்னு திரும்பிப் போயிடுது. அதனால கூடை கூடையாக் கொட்டணும், அப்பத்தான் கொஞ்சமாவது உள்ள போகும். ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டா மூச்சு விடுற பலமே போயிடும்னாங்க."

"என் பாலுதான் மருந்துன்னு டாக்டரம்மா வாயாலயே வந்துடுச்சா! இனிமே என்னை வைத்தியச்சின்னு கூப்பிடணும், அடிமை" என்றேன் நான்.

"பால வெயில்ல வெச்சா அந்தச் சத்து ஓடிப்போயிடும்னும் சொன்னாங்க. நீ வெயில்லயே ஊர் சுத்துறவ."

"என் மூடிக்குள்ள ஈ போகாது, வெயில் போகுமா?"

அவன் சிரிக்காமல் விரலை மடக்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். "மாத்திரையப் பொடிச்சுக் குடுக்கணும். நீர், நெரே மாவு. பயப்பட வேண்டாம். அவ்வளவுதான் சொன்னாங்க."

"நெரே மாவுக்கு யாரு பயப்பட்டா?"

"வயித்தால போகும்னு நாம பயப்படுவோம்னு நினைச்சிருப்பாங்க. வடக்கத்திக்காரங்களுக்கு நெரே மரம் பழக்கம் இல்லையே" என்றான் சுமானா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நல்ல வேளை, நெரே காய்க்கிற பருவம். நியாகலே ஒரு பானை நிறைய மாவு இடித்து வைத்தாள். மாத்திரையைப் பொடித்தால் அதுவும் மஞ்சள், மாவும் மஞ்சள், எது எது என்று தெரியாது. தண்ணீர் விட்டுக் கரைத்தால் தெனின் உதடெல்லாம் பூசிக்கொண்டு குடிப்பாள். கூடவே நான் கொண்டுபோகும் பால். அவளுக்கென்று தனிக் குடுவையில், இலையைச் சுற்றி, மூடிக்குமேல் துணியும் போட்டுக் கொண்டுபோவேன். பெருக்கமரத்து இலைக் குழம்பில் அவள் பங்குக்கு மட்டும் முட்டை விழுந்தது.

மருந்து வேலை செய்தது. நான் கண்ணால் பார்த்தேன், பிறர் சொல்லிக் கேட்டதில்லை. முதலில் தோள் ஏறி இறங்குவது குறைந்தது. களி புரையேறாமல் இறங்கியது. என் பால்குடுவை மூடியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள், கீழே போடவில்லை. அதற்குப் பின் ஒரு காலையில் நான் தெருமுனையில் வழக்கம்போல் "கோசாம்!" என்றேன். வாசலில் குந்தியிருந்தவள் தலையைத் திருப்பினாள். தற்செயலாக இருக்கும் என்று மறுபடி கூவினேன். எழுந்து நின்றுவிட்டாள். பாதிப் பாலைக் கொட்டிவிட்டு ஓடினேன். சுமானா பட்டறையிலிருந்து வந்து, "கொட்டுனது போகட்டும், ஆத்துல நிறைய இருக்கு" என்றான். அவன் கன்னத்துக் கரியெல்லாம் கண்ணீரில் கரைந்து ஓடியது. அதையும் சொல்லித் திட்டினேன்.

துணி துவைக்கும்போது தெனினின் துணியில் மஞ்சள் கறை இருந்ததை நியாகலே அப்போதே பார்த்திருக்கிறாள். எனக்கும் காட்டினாள். "நெரே மாவ இப்படித் தின்னா நெரே மாவாத்தான் போவா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மழை பிடித்தது. ஊரே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சுமானாவின் பட்டறை வாசலில் நின்றது. கொல்லனுக்கு மூச்சுவிட நேரமில்லாத பருவம் அது. அந்தச் சமயத்தில்தான் நெரே மாவுப் பானை காலியானது. மரத்தில் காய் ஒன்றுமில்லை, கடன் கேட்கவும் யார் வீட்டிலும் மாவு இல்லை. நியாகலே மாத்திரைப் பொடியை வெறும் கம்மங்கூழில் கலந்து கொடுத்தாள். இரண்டு மூன்று பொழுது போயிருக்கும். நான் பால் கொண்டுபோனபோது அவள் கொல்லைப்புறத்தில் ஒரு துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இரத்தம் இல்லை.

"அக்கா, நெரே மாவுதான் தீந்துபோச்சே" என்றாள். "அப்ப இது எங்கிருந்து வருது?"

துணியில் முன்பைவிடப் பளிச்சென்று மஞ்சள்.

தெனினின் கண் இமையை விலக்கிப் பார்த்தோம். கண் வெள்ளையாகத்தான் இருந்தது. "கண்ணுல ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"கண்ணுல வர்ற வரைக்கும் காத்திருந்துதான் ஒருத்தனப் புதைச்சேன்" என்றாள்.

சுமானாவைக் கூப்பிட்டாள். அவன் கையில் சுத்தியலோடு வந்து துணியைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்தான். "மாத்திரையே அந்த நிறந்தானே, நியாகலே. உள்ள போன நிறந்தான் வெளிய வருது போல."

"புராமாவுக்கும் நீங்க இப்படித்தான் சொன்னீங்க. வெயில் சூடு, தண்ணி குடிச்சாச் சரியாப் போயிடும்னீங்க. அப்புறம் ஊசி போடத் தூக்கிட்டு ஓடுனீங்க."

அவ்வளவுதான். அந்த மனிதன் தலையைக் குனிந்துகொண்டு பட்டறைக்குத் திரும்பினான். உண்மை அவன் வாயில் வந்து, நுனி நாக்கில் நின்று, திரும்பிப் போனது. புராமாவின் பெயரைச் சொன்னால் அவனால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது என்பது நியாகலேவுக்குத் தெரியும். ஆனால் அவள் அவனை மடக்குவதற்காக அதைச் சொல்லவில்லை. பிள்ளையைக் காப்பாற்றச் சொன்னாள்.

பக்கத்து ஊர்ச் சாயி வைத்தியரிடம் போய்க் கஷாயம் வாங்கி வந்தாள். சாயிக்கு உள்ள பத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பால் கூடாது, முட்டை கூடாது, இறைச்சி, ஈரல், எண்ணெய் எதுவும் கூடாது. ஆஸ்பத்திரி மருந்தை மறந்தும் தொடக்கூடாது, அறுவடை முடியும்வரை. அவள் மாத்திரை டப்பாவை எடுத்துப் பானைக்கு மண் வெட்டும் பள்ளத்தில் கவிழ்த்தாள். மழைத்தண்ணீர் நின்ற பள்ளம்; ஒரு நாழிகையில் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது.

"பாத்தீங்களா அக்கா? இவ்வளவு சாயியையும் என் பிள்ளை வயித்துலல்ல நான் கொட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

மறுநாள் நான் பால் கொண்டுபோனபோது வாசலிலேயே கையை நீட்டி மறித்தாள். நான் சண்டை போடவில்லை. நானும் இந்த ஊரில் வளர்ந்தவள்தான். சாயி வயிற்றுக்குப் பால் விஷம் என்று என் அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள். தனிக் குடுவைப் பாலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். தெனின் கையை நீட்டி அழுதாள்.

மருந்தை நிறுத்தினதும் துணி வெளுத்தது. வெளுக்காமல் எங்கே போகும்! நியாகலே அந்த வெள்ளைத் துணியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை என்னைத் தேடி ஓடிவந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "போயிடுச்சு அக்கா! சாயி இறங்கிப் போயிடுச்சு! இந்தத் தடவை நான் முந்திக்கிட்டேன்!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கெட்டிக்காரி என்று அவளைப் புகழ்ந்தார்கள். எனக்கு ஒரு புதுப் பால்பானை கொடுத்தாள். அந்தப் பானை இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அதில் நான் பால் ஊற்றுவதில்லை.

அதற்கப்புறம் தெனின் இறங்கினாள். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஏறின படியெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கினாள். முதலில் கூவினால் திரும்பவில்லை. பிறகு மூடியைத் தூக்க முடியவில்லை. வாயோரம் இரண்டு பக்கமும் வெடித்தது, நாக்கு சிவந்து வீங்கியது, வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசிக் கண்ணீர் வழிந்தது. கூழ் மூக்கில் ஏறியது. சாயி விட்டுப்போன பலவீனம் என்றார்கள். கஷாயத்தைக் கூட்டினார்கள். மழைக்காலம் பஞ்ச காலம். எல்லோர் வீட்டிலும் வெறும் கூழ்தான், எல்லாப் பிள்ளைகளுக்கும் வாயோரம் வெடித்துத்தான் இருந்தது. இவள் வாயை மட்டும் தனியாகப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

சுமானா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கழுதை வண்டியைப் பூட்டினான். தெனினைத் தூக்கி வண்டியில் கிடத்தினான். நியாகலே வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"எங்க?"

"டாக்டரம்மாகிட்ட."

"சாயி விட்ட உடம்பு இன்னும் ஆறல. ஊசி போடுவாங்க."

"போட வேண்டாம்னு சொல்றேன்."

"போன தடவையும் உங்களால சொல்ல முடியல." அவள் கத்தவில்லை. கெஞ்சினாள். "புராமா அப்பா, உங்க கால்ல விழறேன். எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். என் கையிலயே விட்டுடுங்க."

அவன் கழுதையின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். பட்டறை வாசலில் மண்வெட்டியோடு நின்றவர்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். பிறகு அவன் கழுதையை அவிழ்த்துவிட்டான்.

தெனின் ஒரு நடுப்பகலில் மாமரத்து நிழலில், நியாகலேவின் மடியில் போனாள். மூச்சு விடுவதற்கு அவளிடம் பலம் இல்லை, அவ்வளவுதான். கண் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது.

சாவுக்கு நான் போனேன். வழக்கம் இருக்கிறதே, என்ன செய்ய. ஃபுலாக்காரி வந்து திட்டாவிட்டால் கொல்லன் வீட்டுத் துக்கத்துக்கு மரியாதை இல்லை. "ஏ அடிமை, என்கிட்ட கேக்காம என் சொத்த எப்படிடா புதைச்சே?" என்றேன். யாரோ ஒருவர் வழக்கத்துக்காகச் சிரித்தார். சுமானா தலையை ஆட்டி, "தப்புதான் பால்காரி" என்றான். நான் வீட்டுக்குப் போய் மாட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

டாக்டரம்மா மைகா அதற்கப்புறம்தான் வந்தார். பக்கத்து ஊர்களில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வந்த வண்டியில் வந்திருந்தார். கையில் இன்னொரு மாத்திரை டப்பா. வண்டியிலிருந்து இறங்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"இரத்தப் பரிசோதனை பதில் வந்துடுச்சு, சுமானா! நான் நினைச்சது சரிதான். மருந்து தீந்திருக்குமேன்னு கையோட கொண்டுவந்தேன். தெனின் எங்க?"

நியாகலே பானை மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தவள் நிமிராமல் பிசைந்தாள். நான்தான் சொன்னேன், சாயி வந்து போய்விட்டாள் என்று.

டாக்டரம்மாவுக்கு எங்கள் பேச்சு நன்றாகத்தான் வந்தது. வார்த்தைகளை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். ஒன்றொன்றாகக் கேட்டார். கண் நிறம் மாறுச்சா? இல்லை. சாப்பாடு வெறுத்ததா? இல்லை. பிறகு சாயி என்று எப்படித் தெரிந்தது? நான் துணியைப் பற்றிச் சொன்னேன். அவர் டப்பாவை மண்ணில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் சொன்னேனே" என்றார். "சுமானா, உங்ககிட்ட நான் சொன்னேனே. மாத்திரையப் பொடிச்சுக் குடுங்க. நீர் நெரே மாவு. பயப்பட வேண்டாம்னு சொன்னேனே."

சுமானா அவரையே பார்த்தான். "ஆமா" என்றான். "நீர், நெரே மாவு. தீர்ற வரைக்கும் அதுலதான் கரைச்சுக் குடுத்தோம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எங்கள் பேச்சில் மரியாதைக்காரர்கள் மூத்திரத்தை நீர் என்பார்கள். ஒரு தகப்பனிடம் அவன் பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது வேறு எப்படிச் சொல்வார்கள்? குடிக்கிற தண்ணீரும் நீர்தான். மஞ்சளும் நெரே மாவுதான். அந்த அம்மாள் ஒரு பிழையும் இல்லாமல்தான் பேசியிருக்கிறார். அவனும் ஒரு வார்த்தை சிந்தாமல்தான் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான்.

"வேற எப்படிச் சொல்லியிருக்கணும்?" என்று டாக்டரம்மா கேட்டார். நிஜமாகவே கேட்டார். "அந்த நிறத்துக்கு உங்க பேச்சுல வேற பேர் இருக்கா?"

யோசித்துப் பார்த்தோம். இல்லை.

நியாகலே அப்போதுதான் நிமிர்ந்தாள். முழங்கைவரை களிமண். "டாக்டரம்மா, துணியில அந்த நிறம் வந்துச்சுன்னா என்ன அர்த்தம்?"

டாக்டரம்மா பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். பொய்யாவது சொல்லியிருக்கலாம். அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "மருந்து உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம். உடம்பு வேணுங்கிறத எடுத்துக்கிட்டு மிச்சத்த வெளிய விடும். அதுதான் அந்த நிறம்."

"அப்ப தினமும் நான் துவைச்சது..."

"ஆமா, அம்மா."

"வெள்ளையா ஆனப்போ?"

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

நியாகலே அழுவாள் என்று நினைத்தேன். அவள் மறுபடி மண்ணைப் பிசையத் தொடங்கினாள். சுமானா என் பக்கம் திரும்பினான். அவனுடைய உதடு கோணிக்கொண்டு போனது.

"பால்காரி, திட்டு" என்றான். "தாக்கோ, எதையாவது சொல்லி என்னைத் திட்டு. உனக்குத்தான் உரிமை இருக்கே. திட்டேன்."

வாயைத் திறந்தேன். இந்த ஊரில் என் வாய்க்கு எதிர்வாய் இல்லை என்று பேர் வாங்கினவள். ஒரு வார்த்தை வரவில்லை. அவன் காத்துக்கொண்டே நின்றான், நான் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தேன். கொல்லன் கேட்டு ஃபுலாக்காரி திட்டாமல் போனது எங்கள் இரண்டு சாதியிலும் அன்றுதான் முதல்தடவையாக இருக்கும்.

இப்போதும் அந்த வீட்டுக்குப் பால் போகிறது. தெருமுனையில் கூவாமல் நேராக வாசலுக்கே போய் ஊற்றிவிட்டு வருகிறேன். போன பண்டிகைக்கு முன்னால் நியாகலேவும் நானும் சந்தைக்குப் போனோம். அவளுடைய நாத்தனார் மகளின் குழந்தைக்குத் துணி எடுக்க வேண்டும். கடைக்காரன் துணிகளை அடுக்கி வைத்துவிட்டு, "எந்த நிறம் வேணும், அக்கா?" என்று கேட்டான். நியாகலே விரலை நீட்டி, தெனின் சட்டையின் நிறத்தில் இருந்த துணியைக் காட்டினாள். அவன் விடாமல், "எது? பேரைச் சொல்லுங்க" என்றான். அவள் பெயரைச் சொல்லவில்லை. நான் எட்டிப் போய்த் துணியை உருவி அவன் கையில் கொடுத்தேன், நானும் சொல்லவில்லை.